ஷெப்பர்ட்ஸ் பை: பெங்களூரு வீட்டுச் சமையலறைக்கான செய்முறை

அடியில் கெட்டிக் குழம்போடு கூடிய கொத்துக்கறி, அதன்மேல் வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி, மேற்புறம் சிவந்து முறுகும் வரை ஓவனில் வைத்து எடுப்பதுதான் ஷெப்பர்ட்ஸ் பை. இங்கிலாந்தில் முந்தைய நாள் மிஞ்சிய இறைச்சியை வீணாக்காமல் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த உணவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 'காட்டேஜ் பை' என்றுதான் பெயர். 'ஷெப்பர்ட்ஸ் பை' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. இன்று ஆட்டிறைச்சியில் செய்தால் ஷெப்பர்ட்ஸ், மாட்டிறைச்சியில் செய்தால் காட்டேஜ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஃப்ரேசர் டவுன், குக் டவுன், ரிச்மண்ட் டவுன் பக்கம் வளர்ந்த தமிழர்கள் பலர் ஆங்கிலோ இந்திய வீடுகளில் பொட்டேட்டோ சாப் சாப்பிட்டிருப்பார்கள். மசித்த கிழங்குக்குள் கொத்துக்கறியை அடைத்துப் பொரிக்கும் அந்தப் பலகாரத்தின் அதே இரண்டு பொருள்கள்தாம் இங்கே எண்ணெய்ச் சட்டிக்குப் போகாமல் ஓவனுக்குப் போகின்றன.

இந்த உணவு பெரும்பாலும் தண்ணீரால்தான் கெடுகிறது. கறியில் நீர் தங்கினால் கிழங்கு உள்ளே அமிழும். கிழங்கில் நீர் தங்கினால் மேற்புறம் முறுகாமல் கூழாகவே நிற்கும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நீரை எங்கே விடுகிறோம், எங்கே வற்றவைக்கிறோம் என்பதில் கவனம் இருக்கட்டும்.

நான்கைந்து பேருக்கு எலும்பில்லாத ஆட்டுக்கறி அரைக் கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, உரித்த பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், நன்கு பழுத்த தக்காளி இரண்டு, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி, எலும்பு வேகவைத்த சாறு 300 மில்லி, வெண்ணெய் 60 கிராம், பால் 100 மில்லி, ஒரு முட்டையின் மஞ்சள் கரு ஆகியவை வேண்டும். இவற்றோடு பிரிஞ்சி இலை ஒன்று, காய்ந்த தைம் இலை அரைத் தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, வூஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. வூஸ்டர் சாஸ் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதன் அசல் தயாரிப்பிலேயே புளியும் வினிகரும் நெத்திலி மீனும் உண்டு என்பதால், அரைத் தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலோடு ஒரு தேக்கரண்டி வினிகரும் ஒரு சிட்டிகை வெல்லமும் கலந்து ஊற்றினால் ஏறக்குறைய அந்தச் சுவை வந்துவிடும்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ வீட்டருகே உள்ள கறிக்கடையிலோ தொடைக்கறியைக் கொஞ்சம் கொழுப்போடு எடுத்து, கைமாவுக்கு என்று சொல்லி ஒரே ஒரு முறை மட்டும் இயந்திரத்தில் அரைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை அரைத்தால் கறி பசையாகி, வேகும்போது கட்டி கட்டியாகத் திரளும். கழுவ விரும்புகிறவர்கள் முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகு அரைக்கக் கொடுக்க வேண்டும். அரைத்த கறியை வீட்டில் வந்து அலசினால் சுவை தண்ணீரோடு போய்விடும், கறிக்குள் நீரும் ஏறிவிடும். இங்கிலாந்தில் இதற்குச் செம்மறியாட்டுக் கறிதான் வழக்கம். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம் என்பதால் வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் இருபது நிமிடம் இதற்குப் போதாது.

அகலமான, அடி கனத்த பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கறியை இரண்டு பங்காகப் பிரித்துத் தனித்தனியே வதக்குங்கள். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் பாத்திரத்தின் சூடு தணிந்து, கறி வறுபடாமல் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். முதலில் நீர் விட்டுச் சலசலவென்று கொதிக்கும். பிறகு அந்த ஓசை மாறி எண்ணெயில் பொரியும் ஓசை கேட்கும். அதற்குப் பிறகும் மூன்று நிமிடம் அடியில் பழுப்புப் படலம் ஒட்டும்வரை கிளறாமல் விட்டு, பின்னர் எடுத்துவிடுங்கள். அதே பாத்திரத்தில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், பூண்டு ஆகியவற்றை வதக்கினால் அந்தப் படலம் கரைந்து குழம்புக்கு நிறம் தரும். தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாடை போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுங்கள். மைதாவைத் தூவி ஒரு நிமிடம் வறுத்த பின் கறியைத் திரும்பச் சேர்த்து, சூடான எலும்புச் சாறு, வூஸ்டர் சாஸ், மிளகு, தைம், பிரிஞ்சி இலை, உப்பு எல்லாம் போட்டு, மூடி சற்றே திறந்திருக்க, சிறு தீயில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம் வேகவிட வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் வேகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே திறந்த பாத்திரத்தில் எதுவும் பிடிக்கும். குக்கரில் வைப்பவர்கள் சாற்றைப் பாதியாகக் குறைத்து, ஆவி அடங்கியபின் திறந்து வற்றவைக்கலாம். பட்டாணியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது சட்டென்று மூடிக்கொள்ளாமல் ஓரிரு நொடி நிற்க வேண்டும், அதுதான் பதம். பிரிஞ்சி இலையை எடுத்துவிட்டு, கறியை முழுவதுமாக ஆறவிடுங்கள்.

இங்கே பலருடைய கை தானாகவே கரம் மசாலா டப்பாவுக்குப் போகும். கறியின் சாற்றையும் வெண்ணெயையும் நம்பி நிற்கும் உணவு இது. பட்டை கிராம்பு மணம் ஏறினால் அது கைமா மசாலாவின்மேல் கிழங்கு போட்டதாகவே முடியும் என்பது என் கருத்து. காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் மிளகைக் கூட்டலாம், அல்லது ஒரு பச்சை மிளகாயை வெங்காயத்தோடு வதக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

உருளைக்கிழங்கில் மாவுத்தன்மை கூடிய பழைய கிழங்குதான் ஏற்றது. நகத்தால் கீறினாலே தோல் உரிந்துவரும் புதுக்கிழங்கில் நீர் அதிகம். குருமாவுக்கு அது நன்றாயிருக்கும், இதற்கு உதவாது. சந்தேகம் இருந்தால் ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்ற அளவில் கரைத்து அதில் கிழங்கைப் போட்டுப் பாருங்கள்: மூழ்குவது மாவுக்கிழங்கு, மிதப்பது நீர்க்கிழங்கு. தோல் சீவி, பெரிய துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் போட்டு வேகவைப்பதைவிட இட்லிப் பானையில் தட்டின்மேல் பரப்பி ஆவியில் அவிப்பதே நல்லது. கத்தி தடையில்லாமல் இறங்கும்போது எடுத்து, வெறும் பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும்.

மசிப்பதற்கு மிக்ஸியைத் தொடவே கூடாது. அதன் கத்தி கிழங்கின் உயிரணுக்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாவுச்சத்தை வெளியேற்றிவிடுவதால், மசியல் சுவரொட்டி ஒட்டும் பசையைப் போல இழுபடும். இதற்கென்று தனிக்கருவி வாங்கவும் தேவையில்லை; நம் வீடுகளில் இருக்கும் இடியாப்ப அச்சு போதும். சூடான துண்டுகளை நாழிக்குள் போட்டு அழுத்தினால் ஒரு கட்டியும் இல்லாமல் மெல்லிய இழைகளாக விழும். கிழங்கு ஆறினால் பிழியக் கை வலிக்கும் என்பதால் சூட்டோடு முடித்துவிடுங்கள். முதலில் 50 கிராம் வெண்ணெயைச் சேர்த்துக் கலந்து, அது முழுவதும் உருகிய பிறகே சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பால் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம்; கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். உப்புப் பார்த்து, இளஞ்சூட்டுக்கு வந்தபின் மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்தால் மேற்புறம் நன்கு சிவக்கும். சீஸ் துருவிப் போடுவது அவரவர் விருப்பம்.

எட்டங்குலச் சதுரமும் இரண்டங்குல ஆழமும் உள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பேக்கிங் பாத்திரத்தில் ஆறிய கறியைப் பரப்புங்கள். மேலே கொழுப்பு உறைந்திருந்தால் வழித்தெடுத்துவிடலாம். கிழங்கை நடுவில் கொட்டிப் பரப்பாமல், ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு கரண்டியாக வைத்து விளிம்போடு ஒட்டி அடைத்துவிட்டுப் பிறகு நடுப்பகுதியை நிரப்ப வேண்டும். விளிம்பில் இடைவெளி இருந்தால் குழம்பு பொங்கி மேலேறிவிடும். முள்கரண்டியால் நெடுக வரிவரியாகக் கீறி, மிச்ச வெண்ணெயை உருக்கித் தடவுங்கள். கீறலின் மேடுகள்தாம் முதலில் முறுகும்.

ஓடிஜியை (மேசையில் வைக்கும் சிறு மின்சார ஓவனை) 200 டிகிரியில் பத்து நிமிடம் முன்னதாகவே சூடேற்றி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும் நிலையில் பாத்திரத்தை நடுத்தட்டில் வைத்து 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஓரங்களில் குழம்பு குமிழியிடுவது தெரிந்ததும் கீழ்க் கம்பியை அணைத்து, மேல் கம்பியில் மட்டும் ஐந்து நிமிடம், அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள். சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே அதிக நேரம் இல்லை. மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி இருப்பவர்களுக்கும் இதே அளவுதான். வெளியே எடுத்ததும் கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான மேடையில் வைத்தால் விரிசல் விடக்கூடும். மரப்பலகையோ மடித்த துணியோ வேண்டும்.

பதினைந்து நிமிடம் கழித்து வெட்டினால் குழம்பு இறுகி, துண்டு துண்டாக எடுக்க வரும். துணைக்கு எலுமிச்சை பிழிந்த வெள்ளரிக்காய் சாலடோ வெண்ணெயில் வதக்கிய பீன்ஸோ பொருந்தும்; சோறும் சப்பாத்தியும் தேவைப்படாது. சனிக்கிழமை இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்து ஞாயிறு மதியம் சுடுகிறவர்கள், பாத்திரத்தை அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிந்தபின், முதலில் 180 டிகிரியில் ஃபாயில் மூடி அரை மணி நேரமும், பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு 200 டிகிரியில் பதினைந்து நிமிடமும் வைக்கலாம். நடுவில் கத்தியைச் செருகிச் சில நொடி கழித்து எடுத்தால் அதன் நுனி தொட முடியாத சூட்டில் இருக்க வேண்டும்.