நன்கொடைப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் காப்பது: சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சிறிய அறக்கட்டளையின் அலுவலகத்தில் களவு போகக்கூடிய பொருள் என்ன என்று கேட்டால், இரண்டு கணினிகளையும் ஒரு பிரிண்டரையும்தான் காட்டுவார்கள். அந்தக் கணினியில் உள்ள எக்செல் கோப்பில் நன்கொடையாளர்களின் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் இருக்கின்றன. நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க ஆண்டுதோறும் வருமான வரித் துறையிடம் நன்கொடை விவரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், இவற்றைச் சேகரிக்காமல் இருக்கவும் முடியாது. பக்கத்துக் கோப்புறையில் உதவித்தொகை பெறும் மாணவர்களின் ஆதார் நகல்களோ, கணவரின் வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் இப்போது தங்கியிருக்கும் முகவரியோ இருக்கலாம். வங்கி அட்டை திருடு போனால் முடக்கிவிடலாம். அந்த முகவரி வெளியே போய்விட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. ஆகவே பாதுகாப்பு வேலையைப் பட்டியல்களிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு பிற்பகலை ஒதுக்கி, எந்தெந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, யாரெல்லாம் அதைத் திறக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் உடனிருந்து இதைச் செய்த ஓர் அறக்கட்டளையில், பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கண் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்களின் ஆதார் நகல்கள், எப்போதோ விலகிப்போன தன்னார்வலர் ஒருவரின் சொந்தக் கூகுள் டிரைவில், இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் அப்படியே கிடந்தன. முகாம் முடிந்ததும் அவற்றை அழித்திருக்க வேண்டும். சட்டமோ தணிக்கையோ கேட்காத நகல்களை அழித்துவிடுங்கள்; அடையாளச் சான்று அவசியமானால், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள். பயனாளிகளின் ஆவணங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிரும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள், ஏனெனில் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அது ஒரு நகலாகத் தங்கிவிடுகிறது.

அடுத்தது மின்னஞ்சல். ஒரே ஜிமெயில் கணக்கை ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லுடன் பயன்படுத்துவதும், ஓடிபி செயலாளரின் கைப்பேசிக்குப் போவது தொல்லையாக இருக்கிறது என்று, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை அணைத்து வைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இலவசமாகவோ சலுகை விலையிலோ அலுவலக மின்னஞ்சல் சேவை தருவதால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கி, அனைவருக்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க முடியும். கைப்பேசி கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க உதவும் அவசரக் குறியீடுகளை அச்சிட்டுப் பணப்பெட்டியில் வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே மூடுங்கள். இதில் யாரையும் சந்தேகிப்பதாக அர்த்தமில்லை.

பண இழப்பு பெரும்பாலும் சாதாரணமான ஒரு கடிதத்தின் வடிவில்தான் வருகிறது. 2017இல், குழந்தைகளுக்காகப் பணிபுரியும் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் அமெரிக்கக் கிளையில், ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவர்கள், பாகிஸ்தானில் உள்ள சுகாதார மையங்களுக்குச் சூரிய மின்தகடு வாங்குவதாகப் பொய்யான பில்களைத் தயாரித்து, ஏறத்தாழ 10 லட்சம் டாலரை ஜப்பானில் உள்ள ஒரு கணக்குக்கு அனுப்ப வைத்தார்கள். காப்பீடு இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. நம் ஊர் அறக்கட்டளைகளில் அப்படியொரு காப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. எனவே அறங்காவலர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்: வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், ஏற்கெனவே நம் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நாமே பேசி, குரலைக் கேட்டு உறுதிசெய்யும் வரை ஒரு ரூபாயும் போகாது. அந்த மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணுக்குப் பேசக்கூடாது. அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் என்ற சிற்றெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் எம் போலவே தோன்றும், மோசடிக்காரர்கள் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். வங்கியிலும் பணம் அனுப்புவதை ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் தம் கைப்பேசியிலிருந்து ஒப்புதல் தரும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இதே ஏமாற்று எதிர்த்திசையிலும் நடக்கும்: உங்கள் பெயரில் உங்கள் நன்கொடையாளருக்கு எழுதுவார்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு இந்தியச் சட்டமே ஒரு நல்ல பூட்டைத் தந்திருக்கிறது. எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுள்ள நிறுவனங்களுக்கு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இதை இணையதளத்திலும் ரசீதிலும் தெளிவாக அச்சிட்டு, வேறு கணக்கைக் குறிப்பிடும் எந்தக் கடிதமும் எங்களுடையது அல்ல என்று எழுதிவிடுங்கள்.

மென்பொருளைப் புதுப்பிப்பதை எவ்வளவு பெரிய அமைப்புகளும் தவறவிடுகின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவுக்குள் 2021 நவம்பர் 9 அன்று நுழைந்தவர்கள், சோஹோ நிறுவனத்தின் ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் வந்தார்கள். அதை அடைக்கும் திருத்தம் செப்டம்பரிலேயே வெளியாகியிருந்தும் அங்கே நிறுவப்படாமல் இருந்தது. 2022 ஜனவரி 18 அன்று கண்டுபிடிக்கும்போது, போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவர்கள் கைக்கு எட்டியிருந்தன. உங்கள் அலுவலகத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள். திருட்டு மென்பொருளை நீக்குங்கள். 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 10 கணினிகளை மாற்றத் திட்டமிடுங்கள்.

காப்புப் பிரதிக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். வாரம் ஒருமுறை பதிவு செய்து உடனே கழற்றிவிடுங்கள், ஏனெனில் பிணைப்பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒன்று அறங்காவலர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும், அதற்கும் கடவுச்சொல் போட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாக்குதல் நடந்துவிட்டால், கணினியின் இணைய இணைப்பை முதலில் துண்டியுங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். இந்த எண்களும் பொறுப்பாளரின் பெயரும் சுவரில் ஒரு தாளில் ஒட்டியிருக்க வேண்டும்.

கசிவை மறைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது, பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் தருகிறது. தொண்டு நிறுவனங்களுக்கென்று அதில் பொது விலக்கு இல்லை. தெரிவிக்கும்போது பெரிய நன்கொடையாளரிலிருந்து தொடங்காதீர்கள். எந்தப் பெண்ணின் முகவரி வெளியே போயிருக்கிறதோ, அவரிடம் முதலில் தொலைபேசியில் பேசி, அன்றிரவு அவர் தங்குவதற்கு வேறு இடம் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.