ஒயினரி நாயும் பூனையும்: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கலிஃபோர்னியாவின் நாபா, சொனோமா பக்கமோ ஆஸ்திரேலியாவின் பரோசா பக்கமோ போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ஒயினரியில், அதாவது ஒயின் ஆலையில், பல நேரம் முதலில் வந்து வரவேற்பது ஒரு நாய்தான். உள்ளே பீப்பாய்களுக்கு நடுவே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் "கொடுத்து வைத்த ஜீவன்கள்" என்பார்கள். பாதி உண்மை. அந்த இடம் தோட்டம், தொழிற்சாலை, மருந்துக்கிடங்கு மூன்றும் சேர்ந்தது. அதுவும் அறுவடைக் காலத்தில் (கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை) எல்லார் கண்ணும் சாறு நொதிக்கும் தொட்டி மேலேயே இருக்கும். நாய் எதைத் தின்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது.

"எங்க நாய் பத்து வருஷமா திராட்சை தின்னுது, ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு போகும், இன்னொன்று கைப்பிடி அளவிலேயே படுத்துவிடும். இந்த வித்தியாசம் ஏன் என்று கால்நடை மருத்துவர்களுக்கே ரொம்ப நாளாகப் புரியவில்லை. 2021இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கு, திராட்சை தின்றால் வரும் அதே பாதிப்பு வந்திருந்தது. அந்த மாவில் இருந்தது கிரீம் ஆஃப் டார்டர், அதாவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் இதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. ரகத்துக்கு ரகம், ஊருக்கு ஊர், காயா பழமா என்பதைப் பொறுத்தும் அதன் அளவு மாறும். நேற்றுவரை தப்பித்த நாய் இன்று மாட்டிக்கொள்வதற்கு இது பொருத்தமான காரணமாகத் தெரிகிறது.

நம் சமையலறைக்கும் இதில் சேதி உண்டு. டார்டாரிக் அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் புளி. புளியை நிறையத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை இதே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிச்சமான புளிக்குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

சரி, ஒயினரிக்கு வருவோம். கொடியில் தொங்கும் பழத்தை மட்டும் காவல் காத்தால் போதாது. வெயில் அதிகமான ஊர்களில் புளிப்பு குறையும் சாற்றில் டார்டாரிக் அமிலத்தை மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவார்கள். ஒயினைக் குளிரவைத்தால் தொட்டிச் சுவரில் கற்கண்டு போலப் படிவது அதே கிரீம் ஆஃப் டார்டர்தான். அதைச் சுரண்டித் தரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது ஆபத்து. சாறு பிழிந்த சக்கையைக் கொல்லையில் குவித்துவிட்டு மறந்துபோவது அதைவிட மோசம். அதில் தோலும் கொட்டையும் மட்டுமா இருக்கிறது? நொதித்த சக்கையாக இருந்தால் சாராயம் இருக்கும், நாள்பட்டால் பூஞ்சணமும் சேரும். சில பூஞ்சண நச்சுகள் நாயை வலிப்பில் தள்ளும். நாய்க்கோ அந்த வாசனை விருந்துக்கு அழைப்பு மாதிரி. வேலி போடுங்கள், அல்லது அன்றன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

தின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு "வாந்தி எடுக்கட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. வாந்தி பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். சிறுநீரகம் கெடுவது அதற்கடுத்த ஓரிரு நாளில். நடுவில் நாய் தேறிவிட்டதுபோலக்கூடத் தெரியலாம். தின்றவுடனே மருத்துவரிடம் போனால், வாந்தி எடுக்கவைத்து, நரம்பு வழியே திரவம் ஏற்றிக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. வீட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றிக் கக்கவைக்கும் வேலை வேண்டாம். அந்த உப்பே நாயைக் கொல்லலாம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமான வாயு, தரையோடு தங்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் "நாய்க்குகை" என்று ஒரு குகை. எரிமலை மண்ணிலிருந்து கசியும் இதே வாயு அதன் தரையில் தேங்கி நிற்கும். அந்தக் காலத்தில் வழிகாட்டிகள் பயணிகளுக்கு வேடிக்கை காட்ட நாயை உள்ளே இழுத்துப்போவார்கள். நிற்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, நாய் மயங்கி விழும். கொடூரமான வேடிக்கை. ஆனால் ஒயின் பாதாள அறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று நீங்கள் சொல்லும் அதே நேரம் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும் மூக்குக்கு வேறு காற்று போய்க்கொண்டிருக்கலாம். வாயு அளக்கும் கருவியைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தால் அது நாய்க்கு உதவாது. நொதிக்கும் வாரங்களில் அந்த அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.

பூனை விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி: அதிகமாக எதிர்பார்ப்பது. மதுபான ஆலைப் பூனை என்றாலே ஸ்காட்லாந்தின் கிளென்டரட் விஸ்கி ஆலையில் இருந்த டௌசரைச் சொல்வார்கள். 1963இல் பிறந்து 1987இல் இறந்த அந்தப் பெண்பூனை 28,899 சுண்டெலிகளைப் பிடித்ததாகக் கின்னஸ் கணக்கு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியதல்ல, மதிப்பீடுதான். நாளுக்கு மூன்று சொச்சம் வருகிறது. ஆனால் அது பார்லி மூட்டைகள் அடுக்கிய இடம், பிடித்ததும் சுண்டெலி. பெரிய எலியின் கதையே வேறு. நியூயார்க் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சி ஆலையில் பூனைகளையும் எலிகளையும் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. 306 வீடியோக்களில் பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. சொட்டுநீர்க் குழாயையும் மின்வயரையும் கடிக்கும் எலியைப் பூனை பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டை அடைக்காமல் விடுவது வீண். நாபாவில் பல தோட்டங்கள் எலி பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை என்ற ஆந்தைகளைக் குடிவைக்கின்றன.

பூனையையும் வைத்துக்கொண்டு எலி மருந்தையும் வைப்பவர்களை என்ன சொல்ல? ரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்தைத் தின்று தள்ளாடும் எலிதான் பூனைக்கு எளிதில் அகப்படும். பாதிப்பு தெரிய மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குள் எலியை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டவை. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. மருந்து போட்ட நாயோடு அன்று பூனை ஒட்டிப் படுப்பதையும் தடுங்கள். குளிரூட்டும் குழாய்களில் ஓடும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நக்கினால் சிறுநீரகம் போகும். அதற்கு மாற்றான புரொப்பிலீன் கிளைக்கால் நாய்க்குப் பரவாயில்லை, பூனையின் ரத்தச் சிவப்பணுக்களுக்கு ஆகாது. நத்தையைக் கொல்லப் போடும் மெட்டால்டிஹைடு குருணை நாய்க்கு அதன் தீவனம் போலவே தெரியும். கலிஃபோர்னியாவில் கோடையில் காயும் காட்டுப் பார்லிப் புல் இன்னொரு தொல்லை. நம் ஊர் ஊசிப்புல் வேட்டியில் ஏறுவதுபோல அதன் விதை நாயின் காதிலும் விரல் இடுக்கிலும் ஏறும். முன்னேதான் போகும், பின்னால் வராது. மாலையில் பாதத்தை விரித்துப் பாருங்கள்.

மோப்ப வேலை செய்யும் நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, தன் நாயையும் அதற்குப் பழக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சொனோமாவில் கொடியைத் தாக்கும் மாவுப்பூச்சியை மோந்து கண்டுபிடிக்க நாய்களைப் பயிற்றுவித்தது உண்மை. சிலியில் ஒரு பீப்பாய்த் தயாரிப்பு நிறுவனம், ஒயினில் ஈரக்கோணி நாற்றம் ஏற்றும் டி.சி.ஏ. என்ற பொருளை லாப்ரடார்களைக் கொண்டு தேடுகிறது. அவை முறையான பயிற்சி பெற்றவை. விருந்தினர் மடியில் நாளெல்லாம் கொஞ்சல் வாங்கும் நாயிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்ப்பது நாய்க்குச் செய்யும் அநியாயம்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவு ஆலை விதி, காவல் நாய், வழிகாட்டி நாய், பூச்சி மோப்ப நாய் ஆகியவற்றைச் சில பகுதிகளில் அனுமதிக்கிறது, அதுவும் உணவில் மாசு சேராது என்றால்தான். பூனையை அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை.

கடைசியாக விருந்தினர்கள். சீஸ் தட்டில் அலங்காரத்துக்கு வைத்த திராட்சையை அன்போடு நாய்க்கு நீட்டுபவர்கள் அவர்கள்தான். இரண்டு கிண்ணம் ஒயின் உள்ளே போன பிறகு சுவரில் மாட்டிய பலகையை யாரும் படிப்பதில்லை. நாயின் கழுத்துப்பட்டையிலேயே "திராட்சை தராதீர்கள்" என்று பெரிதாக எழுதுங்கள். தடவிக்கொடுக்கக் குனிகிறவர் கண்ணில் அது பட்டே தீரும்.