டீசல் காரின் இன்டேக்கில் கரி: சுத்தம் செய்யப் போய் எஞ்சினைக் கெடுக்கும் தவறுகள்

"டேங்கில் இதை ஒரு பாட்டில் ஊற்றுங்கள், இன்டேக் கரியெல்லாம் கரைந்துவிடும்" என்று யாராவது சொன்னால், டீசல் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். டேங்க், ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், காமன் ரெயில், இன்ஜெக்டர், அங்கிருந்து நேராக சிலிண்டருக்குள். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய பெட்ரோல் கார்களில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும் என்பதால், அதில் கலந்த மருந்துக்கு வால்வைக் கழுவ ஒரு வாய்ப்பு உண்டு. டீசலில் அந்த வாய்ப்பே இல்லை. பாட்டில் மருந்தால் இன்ஜெக்டர் நுனிக்கு ஏதாவது நன்மை இருக்கலாம், அவ்வளவுதான். ஹைட்ரஜன் வாயுவை இன்டேக் வழியாக விட்டுக் கரியை நீக்குவதாக ஊருக்கு ஊர் போர்டு வைத்திருக்கும் ஹைட்ரஜன் டீகார்பனைசிங்கும் இதே கதைதான். அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். இன்டேக்கை அது எரியாமலே கடந்து போகிறது. அங்கே அப்பிக்கிடக்கும் கரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இவையெல்லாம் பணத்தோடு போகும் தவறுகள். எஞ்சினோடு போகும் தவறுகள் வேறு.

முதலில் அந்தக் கரி அங்கே வருவது எப்படி என்று தெரிய வேண்டும். இ.ஜி.ஆர். (எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன்) வால்வு, வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்குத் திருப்புகிறது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் குறைந்து, எரியும் வெப்பமும் குறைந்து, நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உருவாகட்டும் என்பதற்காக. அந்தப் புகையோடு கரித்தூளும் வருகிறது. இன்னொரு பக்கம், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக எஞ்சின் ஆயில் ஆவி வருகிறது. காய்ந்த தூள் மட்டும் என்றால் பெரும்பாலும் காற்றோடு போயிருக்கும். ஆயில் சேர்வதால், விறகடுப்பு எரியும் சமையலறை உத்திரத்தில் பிடித்த பிசுக்கு மாதிரி, விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புக் களியாகிவிடுகிறது.

பிக்கப் இல்லை, கரும்புகை வருகிறது என்றதும் "இன்டேக் அடைத்துவிட்டது, இறக்கிவிடலாம்" என்று முடிவு செய்வது அடுத்த தவறு. நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கீறல் விழுந்தாலே இதே அறிகுறிகள் வந்துவிடும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அப்படித்தான், ஏர் ஃப்ளோ சென்சார் தப்பாகச் சொன்னாலும் அப்படித்தான். ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள், ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், ஸ்கேனர் போட்டுக் காற்றின் அளவையும் இ.ஜி.ஆர். வால்வு சொன்னபடி திறந்து மூடுகிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் இ.ஜி.ஆர். புகை இன்டேக்கில் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றி டார்ச் அடியுங்கள். கறுப்பாக ஒரு பூச்சு தெரிந்தால் பதற வேண்டாம், இ.ஜி.ஆர். உள்ள எந்த டீசலிலும் அது இருக்கும். காற்று போகும் வழி கண்ணுக்குத் தெரியும்படி குறுகியிருந்தால்தான் வேலை.

இனி, மிக ஆபத்தான தவறு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டேக் ஹோஸுக்குள் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பது. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே போகும் காற்று. டீசலில் எரிபொருளின் அளவு. நீங்கள் அடிக்கும் ஸ்பிரே எரியக்கூடியது. இன்ஜெக்டருக்கு வெளியே இன்னொரு எரிபொருள் வழியைத் திறந்துவிட்டதாக அர்த்தம். ஆர்.பி.எம். தானாக ஏறும், சாவியைத் திருப்பினாலும் உடனே நிற்காது. மேனிஃபோல்டில் தேங்கிய ஆயிலும் சேர்ந்து எரிய ஆரம்பித்தால் எஞ்சின் கையை மீறிவிடும். டீசலுக்கென்றே விற்கும் ஸ்பிரே டப்பாவில், இத்தனை ஆர்.பி.எம்.மில், விட்டுவிட்டுக் கொஞ்சமாக, என்று எழுதியிருக்கும். நம் ஆட்கள் டப்பா காலியாகும்வரை அழுத்திப் பிடிப்பார்கள். அளவோடு அடித்தாலும் பெயர்ந்த கரித் துண்டு போகும் ஒரே வழி வால்வைத் தாண்டி சிலிண்டர், அங்கிருந்து டர்போ.

தண்ணீர் விடுவது இதைவிட மோசம். இணையத்தில் இன்னமும் இந்த வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே 1.3 எஞ்சினைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1248 சி.சி., நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சி.சி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, ஏறக்குறைய 17-க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 20 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால், தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளையும். இன்டேக்கின் பள்ளத்தில் தேங்கி, ஒரே மூச்சில் உள்ளே இழுக்கப்பட 20 மில்லி ஒன்றும் பெரிய அளவில்லை.

ஆக, கழற்றித்தான் செய்ய வேண்டும். மேனிஃபோல்டையும் இ.ஜி.ஆர். வால்வையும் வெளியே எடுத்து, மேஜையில் வைத்துச் சுத்தம் செய்வது. அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துளையான போர்ட்டுக்குள் இருக்கும் கரியைச் சுரண்டும்போது, அந்த சிலிண்டரின் இன்டேக் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துக் கிராங்கைக் கையால் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். திறந்திருந்தால் சுரண்டியதெல்லாம் பிஸ்டன் தலையில். வேலை இல்லாத போர்ட்களை அடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள். கை துடைக்க அதைவிட நல்லது கிடையாது, ஆனால் நூல் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும். நூல் பிரியாத துணியாக வையுங்கள், எத்தனை வைத்தீர்கள் என்று எழுதி வைத்து, மாட்டும் முன் எண்ணி எடுங்கள். சுரண்டிய துகளை வேக்கம் வைத்து உறிஞ்சுங்கள். ஏர் கன்னால் ஊதினால் அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

கரி சீக்கிரம் கரையட்டும் என்று காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவதும் நடக்கிறது. இரும்புக்கு ஒத்துவரும் அந்த வைத்தியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். டீசலோ டிகிரீசரோ ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்ப்பது மெதுவான வேலைதான், ஆனால் பாகம் பத்திரமாக இருக்கும். இ.ஜி.ஆர். வால்வில் மோட்டார் பக்கம் நனையக் கூடாது. ஒட்டிக்கொண்ட வால்வை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போய்விடும். மேனிஃபோல்டில் இருக்கும் பிரஷர் சென்சாரைத் தனியாகக் கழற்றி, சென்சாருக்கான கிளீனரால் மட்டும் கழுவுங்கள்.

மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டில், பழையதையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பவர்களுக்கு, சுத்தம் செய்வதற்கு முன் இருந்ததைவிடக் குறைவான பிக்கப்பே கிடைக்கும். டர்போ அழுத்தம் அந்த இடுக்கு வழியாகக் கசியும். சில கார்களில் இ.ஜி.ஆர். வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் செக் எஞ்சின் லைட் எரியும்.

"இ.ஜி.ஆரையே தகடு வைத்து அடைத்துவிடலாமே" என்று மெக்கானிக் கேட்பார். கரி குறையும் என்பது உண்மைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை என்று இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான வண்டிகளில் சென்சார்களின் கண்காணிப்பும் அதிகம். வேண்டாம்.

சுத்தம் செய்து சில மாதங்களிலேயே மறுபடி ஈரக் களியாக அப்பினால், திரும்பவும் மேனிஃபோல்டை இறக்காதீர்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் லேசாகப் பூசியிருப்பது சகஜம். ஹோஸைச் சாய்த்தால் ஒழுகுகிற அளவுக்கு இருந்தால் டர்போவின் ஷாஃப்ட் ஆட்டத்தைச் சோதிக்க வேண்டியதுதான்.