நாட்டுப்பற்று எங்கிருந்து வந்தது? ஒரு கொப்பியில் தேடிப் பார்க்கும் முறை

திருகோணமலையில் இருபத்தாறு வருஷம் வரலாறு படிப்பித்தேன். நாட்டுப்பற்று என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்புவிப்பார்கள். அதனால், ‘அது உனக்கு எங்கிருந்து வந்தது?’ என்று கேள்வியை மாற்றினேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும்.

முதலில், ‘இது என்ர நாடு’ என்று உடம்பு சிலிர்த்த, அல்லது தொண்டை அடைத்த மூன்று நேரங்களை எழுதுங்கள். கருத்து வேண்டாம். எந்த இடம், பக்கத்தில் யார், என்ன சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

என்னுடையதைச் சொல்கிறேன். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன டீவியைச் சுற்றி இருபது பேர் இருந்தோம். அன்று காலையில்தான் அண்ணாவை சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், பஸ்ஸால் இறக்கி, ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்பாட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை. இரவு, அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நிற்க, அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்றோம். முதலில் துள்ளியெழும்பிக் கத்தியது அண்ணாதான். பிறகு சட்டென்று இருந்துவிட்டார். “எனக்கு ஏனம்மா சந்தோசம் வருது?” என்று கேட்டார். அம்மா பேசாமல் அவருடைய முதுகைத் தடவினா.

அண்ணாவின் அந்தக் கேள்விதான் இந்த முறைக்கு வித்து.

அடுத்து, ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், அந்த உணர்வை உங்களுக்குள் விதைத்தது யார் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். பொருள் விளங்குகிற வயதுக்கு முன்பே, கொடி ஏறும்போது நேராக நிற்க உடம்பு பழகிவிடுகிறது. வீட்டில் அம்மம்மா சொன்ன கதைகள், முகம் தெரியாத இலட்சம் பேரோடு ஒரே நொடியில் வென்றது, எதிரி வருகிறான் என்ற பயம், வெளிநாட்டு விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டியபோது கிடைத்த பார்வை, எல்லாம் வரும்.

மூன்றாவது பக்கம் காயங்களுக்கு. பிள்ளைகள் இதை வெறுமையாக விடப் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை. ‘உன்னுடையதல்ல’ என்று சொல்லப்பட்டவனுக்குத் தன் மொழி மேலும் மண் மேலும் பற்று இன்னும் இறுகும். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது எத்தனை வீடுகளின் பேச்சை மாற்றியது என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். மாறாக, 2016 பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில், 1949க்குப் பிறகு முதல் தடவையாகத் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. அன்று எங்கள் வீட்டில் கறி தாளித்துக்கொண்டிருந்த மாமி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து நின்றா. ஒருவரும் அவவை நிற்கச் சொல்லவில்லை. அந்தச் சில நிமிஷங்கள் என் கொப்பியில் தனிப் பக்கமாக இருக்கின்றன.

பிறகு ஒரு நடை. திருகோணமலையில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டி, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை வரை ஏறுங்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை இது. ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. வழியில் மூன்று பேரிடம், ‘இந்த இடம் உங்களுக்கு என்ன?’ என்று கேளுங்கள். ஒருவர் கோணேசர் என்பார். இன்னொருவர் கோகண்ண என்ற பழைய பௌத்த விகாரை என்பார். வள்ளக்காரர் துறைமுகத்தைக் காட்டுவார். மூவர் முகத்திலும் அதே பெருமிதம் இருக்கும். பதில் சொல்லி முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக, கொப்பியில் நீங்கள் எழுதிய பெருமை வாக்கியங்களில் உங்கள் இனத்தின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த இனத்தின் பெயரைப் போட்டு வாசியுங்கள். அவர்கள் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் நெஞ்சு சுடுமா? சுடுகிற வாக்கியங்களின் கீழே கோடு போடுங்கள். அழிக்க வேண்டாம். அது எங்கே கேட்டது என்று மட்டும் தேடுங்கள். அநேகமாக ஒரு மேடை, ஒரு தேர்தல், அல்லது ஒரு மரணவீடு அகப்படும்.

திகதி போட்டுக் கொப்பியை மூடி வையுங்கள். அடுத்த வருஷம் வேறு நிறப் பேனையால் அதே பக்கங்களில் எழுதுங்கள்.