உங்கள் முடி தண்ணீரைக் குடிக்கிறதா, தள்ளுகிறதா?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். எனக்கும் தங்கைக்கும் ஒரே கிண்ணத்து எண்ணெய், ஒரே சீயக்காய். முதல் இரண்டு சொம்பு ஊற்றினாலும் என் முடி நனையாது, தண்ணீர் மேலாகவே வழிந்து ஓடிவிடும். காலையில் குளித்துவிட்டுச் சாயங்காலம் பின்னலைப் பிரித்தால் நடுவில் இன்னும் ஈரம் இருக்கும், லேசாக நாற்றம் வேறு. அவளுக்கு ஒரு சொம்பிலேயே முழுசாக நனைந்து, ஃபேனுக்குக் கீழே அரைமணி நேரத்தில் காய்ந்து, அப்புறம் தேங்காய் நார் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எனக்குப் பொருந்துவது அவளுக்குப் பொருந்தாது, இதைப் புரிந்துகொள்ளாமல் பல வருடம் ஒருத்தி ஷாம்பூவை இன்னொருத்தி திட்டிக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பெயர்தான் ஹேர் போரோசிட்டி. முடிக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாகப் போகிறது, வெளியே வருகிறது என்பதுதான் விஷயம். முடியின் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள், வேரிலிருந்து நுனியைப் பார்த்தபடி. ஓடு நெருக்கமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கக் கஷ்டப்படும், இறங்கியது வெளியே வரவும் நேரமாகும். அது போரோசிட்டி குறைவு. ஓடு தூக்கிக்கொண்டோ உடைந்தோ இருந்தால் சடசடவென்று நனையும், காயும், சிக்கு விழும், அது அதிகம். செதில்களுக்கு மேலே கொழுப்பாலான மெல்லிய படலம் ஒன்றும் உண்டு. தாமரை இலை மாதிரி தண்ணீரைத் தள்ளிவிடுவது அதுதான். ப்ளீச்சும் காரத்தன்மை (அல்கலைன்) உள்ள டையும் முதலில் கழற்றுவது இதைத்தான், ஒருமுறை போனால் அந்த முடிக்கு அது திரும்ப முளைக்காது. பிறவியிலேயே சிலருக்குப் போரோசிட்டி கொஞ்சம் கூடுதல். என் தங்கைக்கு வந்தது பார்லரில் இரண்டு முறை செய்த ஸ்ட்ரெயிட்டனிங்கால்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசையோ கண்டிஷனரோ கொஞ்சம் ஒட்டியிருந்தாலே மிதக்கும், காற்றுக்குமிழி ஒட்டினாலும் மிதக்கும், நான் ஒரே தலையிலிருந்து நான்கு முடி போட்டு நான்கு விதமாகப் பார்த்தேன். அதற்குப் பதிலாக, கண்டிஷனர் போடாமல் ஷாம்பூ மட்டும் போட்டுக் குளித்து நன்றாகக் காய்ந்த பிறகு, காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைப் பிடித்து விரலில் தொட்ட தண்ணீரை ஒரு சொட்டு வையுங்கள். முத்தாக உருண்டு நின்றால் குறைவு, வைத்த உடனே பரவிக் காணாமல் போனால் அதிகம், இரண்டுக்கும் நடுவில் என்றால் நடுத்தரம் (அப்படியானால் நிம்மதியாக இருங்கள்). அடுத்து அதையே நுனியிலும் செய்யுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், 60 செ.மீ. நீளம் இருந்தால் நுனிக்கு வயது நான்கு. நான்கு வருட வெயில், சீப்பு, துண்டு எல்லாம் அது பார்த்திருக்கிறது. வேரும் நுனியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போரோசிட்டி குறைவு என்றால் செய்வது கொஞ்சம்தான். எண்ணெயைக் குறையுங்கள், வெதுவெதுப்பாகச் சூடு பண்ணித் தேய்த்து ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள், ராத்திரி முழுக்க ஊறினால் தலையணைக்குத்தான் போஷாக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனைத்த பிறகே ஷாம்பூ, லேசான கண்டிஷனர், அதுவும் நுனிக்கு மட்டும். செதிலைத் திறக்க ஆப்ப சோடா போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் காரத்தன்மை உள்ளது, நல்ல ஓட்டை நாமே பெயர்த்த கதையாகிவிடும்.

அதிகம் என்றால் வேலை உண்டு. முடி நனையும்போது உப்பும், காயும்போது சுருங்கும், இதுவே திரும்பத் திரும்ப நடந்தால் செதில்கள் இன்னும் தளரும். இங்கேதான் பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய்க்கு மரியாதை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழைந்துவிடும். அதனால் குளித்த பிறகு பளபளப்புக்காகப் பூசுவதைவிட, குளிப்பதற்கு முன்னால் நுனிப் பக்கம் தேய்த்து ஊறவைப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் கண்டிஷனர் கட்டாயம். துண்டால் கசக்கித் துவட்டாமல் பழைய பருத்தி வேட்டியில் ஒற்றி எடுங்கள். சிக்கை அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி எடுங்கள். முட்டை பூசினால் முடிக்குப் புரதம் கிடைக்கும் என்பார்கள், ஆனால் முட்டையின் புரதம் பெரிய மூலக்கூறு, உள்ளே போகாது. புரதம் வேண்டுமென்றால் லேபிளில் ‘ஹைட்ரோலைஸ்டு’ என்று இருப்பதைப் பாருங்கள், உடைத்துச் சிறிதாக்கியது என்று அர்த்தம். வாரா வாரம் போட்டால் சிலருக்கு முடி விறைத்துவிடுகிறது, மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

போர் தண்ணீர் வீடா? அப்படியானால் மேலே சொன்ன சோதனையே ஏமாற்றலாம். கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாகிவிடும், சோப்பு போட்டால் பிசுபிசுப்பும் சேர்ந்து இன்னும் மோசம். கடைசியாக அலச மட்டும் ஒரு சொம்பு மழைத் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ எடுத்து வையுங்கள், நான்கு குளியலில் வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள். அதற்கு முன்னால் புது ஷாம்பூ வாங்க வேண்டாம்.

நரைக்கு டை அடிக்கிறவர்கள், ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுக்காமல் புதிதாக முளைத்த வேர்ப்பகுதிக்கு மட்டும் தடவுங்கள். தங்கை இப்போது அப்படித்தான் செய்கிறாள், ஸ்ட்ரெயிட்டனிங் செய்த நுனியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு விரல் வெட்டிக்கொண்டு.