ஜின்செங் வாங்கும் முன் நாக்கை நீட்டிப் பாருங்கள்

சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுகிறது, தூங்கி எழுந்தும் அசதி போகவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஜின்செங் என்னும் மூலிகை வேரைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சீன மருத்துவ முறையில் அக்குபங்சர் செய்பவள் நான். ஜின்செங் நல்ல மருந்துதான். ஆனால் எல்லாச் சோர்வுக்கும் அது ஆகாது. உங்கள் சோர்வு எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

சீன மருத்துவம் செரிமானத்தை வயிற்றிடமும் மண்ணீரலிடமும் ஒப்படைக்கிறது. ஸ்கேனில் தெரியும் மண்ணீரலை இங்கே நினைக்க வேண்டாம். உண்டதைச் சத்தாக்கி உடம்பெங்கும் அனுப்பும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. வயிறு பானை என்றால் மண்ணீரல் அடியில் எரியும் தீ. தீ தணிந்தால் ‘ச்சி’ என்னும் உயிராற்றல் குறைகிறது. வேகாத மிச்சம் ஈரமாகத் தேங்குகிறது. சோர்வு இந்த இரண்டு வழியிலும் வரும்.

இதை ஆழமாக ஆராய்ந்தவர் சீன மருத்துவர் லி தோங்யுவான் (1180–1251). 1232இல் மங்கோலியர் சீனாவின் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது அங்கே மக்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். இன்று நாம் அதைத் தொற்றுநோய் என்போம். பட்டினியும் அலைச்சலும் அச்சமும் செரிமானத்தைச் சிதைத்துவிட்டன, அது தெரியாமல் வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்து மேலும் பலவீனப்படுத்தினார்கள் என்பது அவர் வாதம். ஆளைப் பார்க்காமல் மருந்தை எடுக்காதே என்று நான் புரிந்துகொண்டது அவரிடமிருந்துதான்.

சரி, எப்படிப் பிரிப்பது? காலையில் நாக்கை வழிப்பதற்கு முன், எதையும் குடிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கைத் தளர்வாக நீட்டுங்கள். நாக்கு வெளுத்து, ஓரங்களில் பல் பதிந்த தடம் தெரிந்து, மேலே மெல்லிய வெள்ளைப் படிவு மட்டும் இருந்தால் ச்சி குறைவு. பசி மந்தமாக இருக்கும், மலம் இளகிப் போகும், குரல் தணியும், சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். படிவு தடித்துப் பிசுபிசுப்பாக இருந்தால் ஈரத் தேக்கம். தலையும் கைகால்களும் கனக்கும், வயிறு உப்பும், வாய் பிசுபிசுக்கும். இன்னொரு எளிய கேள்வியும் கேட்பேன்: படுத்தால் தேவலையா, நடந்தால் தேவலையா? ஓய்வில் தெளிவது குறைவு. நடந்தால் தெளிவது தேக்கம். இரண்டும் கலந்திருப்பவர்களும் நிறைய.

ச்சி குறைந்தவர்களுக்கு அரிசிக் கஞ்சிதான் என் முதல் மருந்து. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர், கொட்டை நீக்கிய நாலைந்து சீனச் செம்பேரீச்சை, ஒரு கைப்பிடி ஷான்யாவ் என்னும் சீன வள்ளிக்கிழங்குத் துண்டு. சிறு தீயில் ஒரு மணி நேரம், அரிசி உருத்தெரியாமல் குழையும்வரை. ஈரம் தேங்கியவர்கள் செம்பேரீச்சையை விட்டுவிடுங்கள். அதன் இனிப்பு தேக்கத்தைக் கூட்டும். பதிலாக யீரென் என்ற தானிய மணியை வெறும் வாணலியில் வறுத்து, ஊறவைத்து, செம்பயறோடு வேகவையுங்கள். வறுப்பது அதன் குளிர்ச்சியைக் குறைக்க. கர்ப்பிணிகளுக்கு யீரென் வேண்டாம் என்பது அந்த மரபின் பழைய எச்சரிக்கை.

இரு வகையினருக்கும் பொதுவானவை கொஞ்சம். சீன மருத்துவ நேரக்கணக்கில் காலை 7 முதல் 9 வரை வயிற்றுக்கு, 9 முதல் 11 வரை மண்ணீரலுக்கு. ஆகவே காலை உணவை அந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள், சூடாகச் சாப்பிடுங்கள். ஐஸ் தண்ணீர், பச்சைக் காய்கறி சாலட் இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். கவலையும் ஓயாத யோசனையும் மண்ணீரலைக் கெடுக்கும் என்பதால், தட்டின் முன் போனும் வேலைக் கோப்பும் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள். சாப்பிட்டபின் மெதுவாகச் சிறிது தூரம் நடங்கள்.

அப்புறம் ட்ஸு சான் லி என்னும் அக்குபங்சர் புள்ளி. முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் கீழே, முன்கால் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். மந்தமாக ஒரு வலி பரவினால் இடம் சரி.

சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பரிசோதனையில்தான் தெரியும், நாக்கில் அல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் மூலிகை. ச்சி குறைவுக்குப் புகழ்பெற்றது ஸு ஜுன் ஸு தாங் என்னும் நான்கு மூலிகைக் கஷாயம்: ஜின்செங், பைஜு என்னும் கிழங்கு, ஃபூலிங் என்னும் காளான், அதிமதுரம். ஈரமும் சேர்ந்திருந்தால் சென்பி என்னும் உலர்ந்த ஆரஞ்சு வகைத் தோலும் பான்சியா என்னும் கிழங்கும் கூடி ஆறு மூலிகையாகும். படிவு தடித்திருக்கும்போது ஜின்செங்கை மட்டும் விழுங்கினால் வயிறு இன்னும் அடைத்துக்கொள்ளும். இந்தக் கஷாயங்களை நீங்களே கலந்துகொள்ளாதீர்கள், பயிற்சி பெற்றவரிடம் வாங்குங்கள். அதிமதுரம் நாள்பட எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் ஜின்செங்கைத் தொடும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.