அந்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது? விமான நிலையப் பயணிகளிடம் சர்வே எடுத்துப் போக்குவரத்தைத் திட்டமிடுவது

விமான நிலையம் பெரிதாகிறது என்றதும் எல்லோருடைய கவனமும் ஓடுபாதை மேலும் டெர்மினல் மேலும்தான் போகும். அங்கே வந்து சேரும் சாலை, பஸ், ரயில், டாக்ஸி பற்றிய பேச்சு தாமதமாகத்தான் வரும். அப்போது யாராவது "பயணிகளிடம் ஒரு சர்வே எடுத்துவிடலாமே" என்பார்கள். இந்த சர்வேக்களைத் திட்டமிடுவதுதான் என் வேலை. யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பதில்களை வைத்து எதை முடிவுசெய்யப் போகிறீர்கள்? பார்க்கிங்கைப் பெரிதாக்குவதா, எந்தப் பகுதிக்கு நேரடி பஸ் விடுவது என்பதா, இறக்கிவிடும் இடத்தை எவ்வளவு நீளமாகக் கட்டுவது என்பதா? அது தெளிவாகாமல் கேள்வித்தாளைத் தொடாதீர்கள். தொட்டால் "சேவை திருப்தியாக இருக்கிறதா" வகைக் கேள்விகள் நிறைந்துபோகும். அவற்றை வைத்து ஒரு பஸ் கூட விட முடியாது.

கேள்விகள் இன்றைய பயணத்தைப் பற்றியே இருக்கட்டும். "வழக்கமாக எப்படி வருவீர்கள்?" என்று கேட்டால் தான் எப்படி வர விரும்புகிறாரோ அதைச் சொல்வார். "இன்று எப்படி வந்தீர்கள்?" என்றால் நடந்ததைச் சொல்வார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்ற கேள்வியும் ஆபத்தானது. ஒருவர் சொந்த ஊரைச் சொல்வார், இன்னொருவர் நேற்று தங்கிய ஓட்டலை, மூன்றாமவர் முந்தைய விமானம் ஏறிய ஊரை. "இன்று இந்த விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலோடு அது வீடா, அலுவலகமா, ஓட்டலா என்பதையும் குறியுங்கள். முழு முகவரி வேண்டாம். அஞ்சல் குறியீடோ பக்கத்தில் உள்ள பெரிய சந்திப்போ போதும். முகவரி கேட்டால் பாதிப் பேர் முகம் மாறிவிடும்.

அடுத்தது வாகனம். ரயிலில் வந்து கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு டாக்ஸி பிடித்தவரை வெறும் டாக்ஸி என்று எழுதினால் ரயில் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். ஆகவே எல்லாக் கட்டங்களையும் வரிசையாக எழுதுங்கள். "கார்" என்று பதில் வந்தால் அங்கேயே நிற்காதீர்கள். யார் ஓட்டினார், அந்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் நான் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் வைப்பேன்.

காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். 400 பயணிகள் காரில் வருகிறார்கள், வண்டிக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். 200 கார்கள். எல்லோரும் பார்க்கிங்கில் விட்டுப் போனால் இன்று 200 தடவை உள்ளே வரும், ஊர் திரும்பும் நாளில் 200 தடவை வெளியே போகும். மொத்தம் 400. அதே ஆட்களை வீட்டார் இறக்கிவிட்டால் கார் இன்று வந்து திரும்பும், கூட்டிப்போகும் நாளிலும் வந்து திரும்பும். மொத்தம் 800. பயணிகள் எண்ணிக்கை அதேதான், சாலையில் ஓட்டம் இரட்டிப்பு. திரும்பும்போது சவாரி கிடைக்காமல் காலியாக ஓடும் டாக்ஸியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அமெரிக்காவில் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் வாகன நிறுத்துமிடங்களுக்கு 1970களிலிருந்தே உச்சவரம்பு உண்டு. பார்க்கிங் கிடைக்காதவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போவதில்லை, பலர் யாரையாவது கொண்டுவந்து இறக்கச் சொல்கிறார்கள், ஓட்டம் கூடுகிறது என்று சொல்லித்தான் பிற்காலத்தில் அந்த வரம்பை உயர்த்தினார்கள். பார்க்கிங்கைக் குறைத்தால் நெரிசல் குறையும் என்று கூட்டத்தில் யாராவது அடித்துச் சொன்னால், உங்கள் சர்வேயில் இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.

மீதிக் கேள்விகள் சுருக்கமானவை: டெர்மினல் வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், ஒரே வண்டியில் பயணிகள் எத்தனை பேர், வழியனுப்ப வந்தவர்கள் எத்தனை பேர், பெட்டிகள் எத்தனை, இந்தப் பகுதியில் வசிப்பவரா வந்துபோகிறவரா, வேலை நிமித்தமா இல்லையா. வசிப்பவரிடம் திரும்பி வந்ததும் எப்படி வீடு போவீர்கள் என்றும், வந்துபோகிறவரிடம் இறங்கிய நாளில் எப்படிப் போனீர்கள் என்றும் ஒரு கேள்வி சேர்த்தால் இரண்டு திசைக்கும் தகவல் கிடைத்துவிடும். வந்திறங்கும் பயணியை வழிமறித்துக் கேட்பது வீண் பாடு. அவர் கண் பெட்டி மேலும் வாசல் மேலும்தான் இருக்கும்.

கேட்பதற்குச் சரியான இடம், பாதுகாப்புச் சோதனை முடிந்து பயணிகள் காத்திருக்கும் கேட் பகுதி. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பல பத்தாண்டுகளாகப் பெரிய விமான நிலையங்களில் புறப்படும் பயணிகளிடம் நேரில் கேட்டு வருகிறது. கேட் பகுதியில் ஆட்களுக்கு நேரம் இருக்கும், உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கணக்கெடுப்பாளரை அவர் போக்கில் விட்டால் தனியாக, சிரித்த முகமாக இருப்பவரிடம்தான் போவார். கைக்குழந்தையோடும் நாலு பெட்டியோடும் இருக்கும் குடும்பம் விட்டுப்போகும். அதனால் குறிப்பிட்ட இருக்கையில் தொடங்கி ஏழாவது ஆள், பதினாலாவது ஆள் என்று விதி வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களும் லவுஞ்சில் இருப்பவர்களும் இப்படியும் தப்புவார்கள். போர்டிங் வரிசையில் சிலரைப் பிடிக்க ஓர் ஆளைத் தனியாக நிறுத்துங்கள்.

அப்புறம், விடியற்காலை ஷிப்ட். முதல் விமானங்களுக்கு யாரும் வேலைக்கு வர விரும்ப மாட்டார்கள், பட்டியலில் அது தானாக நழுவிவிடும். நழுவ விடாதீர்கள். பஸ்ஸும் ரயிலும் ஓடத் தொடங்கும் முன்பே வந்தாக வேண்டியவர்கள் அந்த விமானங்களின் பயணிகள்தான். அவர்கள் இல்லாத சர்வே பொதுப் போக்குவரத்தின் பங்கை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

எத்தனை பேரிடம் கேட்பது? 400 பேர் என்றால் ஒரு விகிதத்தின் பிழை சுமார் 5 சதவீதப் புள்ளி மேலே கீழே. 1000 பேர் என்றால் சுமார் 3. ஒரே விமானத்தில் பலரிடம் கேட்பதால் உண்மையான பிழை இதைவிடக் கூடும். ஆனால் கூட்டங்களில் மறந்துபோவது வேறு: திட்டத்துக்குத் தேவை மொத்த விகிதம் இல்லை, வடக்குப் பகுதியிலிருந்து காலையில் வருகிறவர்களின் விகிதம். ஆயிரம் பேரில் அவர்கள் 40 பேர்தான் இருப்பார்கள், பிழை 15 புள்ளியைத் தொடும். அதை நம்பி பஸ் தடம் போட முடியாது. எந்தக் கூறுக்கு முடிவு தேவையோ அந்தக் கூறிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மொத்த எண்ணிக்கைக்கு வாருங்கள்.

தரவு வந்ததும் நேராகச் சதவீதம் போடாதீர்கள். 180 பேர் ஏறிய விமானத்தில் 12 பேரிடம் கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் 15 பேருக்குச் சமம், அதாவது அவர் பதிலின் எடை 15. 60 பேர் ஏறிய விமானத்தில் 12 பேர் என்றால் ஒவ்வொருவரும் 5 பேருக்கு. விமானம் மாறிப் போகிறவர்கள் சாலைக்கு வருவதில்லை, அவர்களிடம் நீண்ட பேட்டி வேண்டாம். ஆனால் தாளில் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் இந்த எடை தப்பாகிவிடும். காரிலும் டாக்ஸியிலும் வந்தவரின் எடையை வண்டியில் வந்த பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் வண்டிகள் கிடைக்கும்: எடை 15, மூன்று பேர் ஒரே காரில், ஆக 5 கார்கள். அவற்றை வாசலுக்கு வந்த நேரத்தின்படி அடுக்குங்கள். விமான அட்டவணையில் ஏழு மணிக்குத் தெரியும் உச்சம் சாலையில் ஐந்து மணிக்கே வந்துவிடுவதைப் பார்ப்பீர்கள்.

வளர்ச்சிக் கணக்கில் நடக்கும் பெரிய தவறு, இன்றைய விகிதத்தை நாளைய பயணிகள் எண்ணிக்கையால் பெருக்குவது. புதிதாக வருவது மலிவுக் கட்டண விமானங்கள் என்றால் அதிகாலைப் புறப்பாடுகளும் குடும்பப் பயணிகளும் கூடுவார்கள், அலுவலகப் பயணிகளின் பங்கு குறையும். வசிப்பவரா வந்துபோகிறவரா, வேலையா பிற காரணமா என்று இரண்டையும் சேர்த்து நாலு பிரிவாக்கி, ஒவ்வொன்றின் பழக்கத்தையும் தனியே கணக்கிட்டு, அந்தந்தப் பிரிவின் எதிர்கால எண்ணிக்கையோடு பெருக்குங்கள்.

"மெட்ரோ வந்தால் ஏறுவீர்களா?" என்று கேட்கவே வேண்டாம். ஏறுவேன் என்று சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதற்குப் பதில், அவர் இன்று வந்த பயணத்தை ஒரு பக்கமும், நேரம், கட்டணம், காத்திருப்பு, மாறி ஏறும் தடவை எல்லாம் எழுதிய மாற்று வழியை மறுபக்கமும் காட்டி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேளுங்கள். அந்த எண்களை மாற்றி மாற்றிக் காட்டினால் பெட்டியோடு படியேறுவதை எவ்வளவு வெறுக்கிறார் என்பது கூடத் தெரியும். அப்போதும் விடையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர்களுக்கு வேறு சர்வே வேண்டும். பயணி எப்போதோ வருவார், ஊழியர் வேலை நாளெல்லாம் வருவார், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில். ஒரு பஸ் தடம் பிழைப்பது பெரும்பாலும் அவர்களால்தான். கடைசியாக, சர்வே முடிவை பார்க்கிங் சீட்டு, டாக்ஸி வரிசை எண்ணிக்கை, பஸ் டிக்கெட் விற்பனை இவற்றோடு ஒத்துப்பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் ஷிப்ட் பட்டியலை எடுத்து எந்த நேரத்தில் ஆள் இல்லை என்று தேடுங்கள்.